ராமநாதபுரம் கடற்கரையில் எந்த வயசுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், யார் வருவதே இல்லை? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

சீட்டு எழுதியவர், ராமநாதபுரம்

அரசு ஆஸ்பத்திரிகளில் ஓ.பி. சீட்டு எழுதும் ஜன்னலுக்குப் பின்னால்தான் என் வேலைக்காலம் முழுவதும் போனது. தொண்டிப் பக்கம் சில வருடம், மண்டபம் பக்கம் சில வருடம், கடைசியில் ராமநாதபுரம். பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், வயசு, ஊர் என்று நாலே கேள்விதான் கேட்பேன். அதில் வயசுக்குத்தான் பதில் லேசில் வராது. வயசான பெண்கள் பலர் "நீயே பாத்துப் போட்டுக்கய்யா" என்பார்கள். அப்படி இஷ்டத்துக்குப் போட எனக்கு மனசு வராது. "தனுஷ்கோடி புயல் அடிச்சப்போ நீங்க எப்படி இருந்தீங்க ஆத்தா?" என்று கேட்பேன். "தம்பிய இடுப்புல தூக்கிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றால் அப்போது எட்டு, பத்து வயசு இருக்கும். புயல் 1964 டிசம்பரில் அடித்தது. அதிலிருந்து கூட்டி எழுதுவேன்.

இத்தனை வருடம் வயசு எழுதியதில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. காலை எட்டு மணி வரிசையில் முதலில் கைக்குழந்தைகள் வரும். அப்புறம் மாசமான பெண்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள். அதைத் தாண்டினால் ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள், சுகர் மாத்திரைக்கும் பிரஷர் மாத்திரைக்கும் மாசாமாசம் வருபவர்கள். சின்னக் குழந்தைகளும் முதியவர்களும் அதிகமாகவும் நடு வயசுக்காரர்கள் குறைவாகவும் வருவது பல நாட்டுக் கணக்கெடுப்பிலும் காண்பதுதான். ஆனால் நம் கடற்கரையில் அந்த நடுப் பள்ளம் ரொம்ப ஆழம். இருபத்தைந்திலிருந்து ஐம்பது வரையுள்ள ஆண்களை வரிசையில் தேடித்தான் பார்க்க வேண்டும். அவர்கள் வந்தால் பெரும்பாலும் நடந்து வருவதில்லை, யாராவது தூக்கிக்கொண்டு வருவார்கள். சீட்டை உடன் வந்தவர்தான் வாங்குவார்.

காலம் போகப் போகக் கூட்டத்தின் வயசும் மாறியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வயிற்றுப்போக்குக் குழந்தைகளும் மலேரியாக் காய்ச்சல்காரர்களும் வராண்டாவில் படுத்திருப்பார்கள். ராமேஸ்வரம் தீவு மலேரியாவுக்குப் பேர் போன இடம். அந்தக் கூட்டம் இப்போது இல்லை. தடுப்பூசி, உப்பு சர்க்கரைக் கரைசல், கொசு ஒழிப்பு எல்லாம் சேர்ந்து அதைக் குறைத்தன. வீட்டுக்கு ஐந்து, ஆறு பிள்ளை என்பதும் ஒன்று, இரண்டு என்று ஆகிவிட்டது. இன்னொரு பக்கம் பெரியவர்கள் பெருகிவிட்டார்கள். தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 2011ல் நூற்றுக்குப் பத்துப் பேர் சொச்சம். 2021க்கான மதிப்பீடு 13.6 சதவீதம். பிள்ளைகள் வெளியூர் போய்விட்ட நம் ஊர்களில் தெருவில் உட்கார்ந்து பார்த்தால் அதற்கும் மேலே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

என் மனசை அரிப்பது அந்த நடுவயசு ஆண்கள்தான். அவர்கள் ஏன் வருவதில்லை? உங்கள் வீட்டில், உங்கள் படகில், உங்கள் தெருவில் பார்த்ததை எழுதுங்கள். ஒரு வேண்டுகோள்: ஆஸ்பத்திரி பெயர், டாக்டர் பெயர் வேண்டாம். எந்த வயசுக்காரர், ஏன் போனார், ஏன் போகவில்லை என்பது போதும்.

படகு டிரைவர், தங்கச்சிமடம்

அண்ணே, நீங்கள் தேடுகிற ஆள் நான்தான். வயசு நாற்பத்தொன்று, விசைப்படகில் டிரைவர். எங்கள் வாரம் எப்படிப் போகிறது என்று சொன்னால் ஏன் வருவதில்லை என்பது உங்களுக்கே புரியும்.

விசைப்படகுகளுக்கு வாரத்தில் மூன்று நாள் தொழில். திங்கள், புதன், சனி கிளம்பி மறுநாள் காலை கரைக்கு வருவோம். வந்ததும் மீனை இறக்கி, தரம் பிரித்து, ஏலம் முடித்து, கணக்குப் பார்த்து, வலையை ஒதுக்கி வைக்க மதியம் ஆகிவிடும். உங்கள் ஓ.பி. அதற்குள் மூடியிருக்கும். சாப்பிட்டுப் படுத்தால் ராத்திரிதான் எழுவோம். மறுநாள் விடியற்காலை டோக்கன் வாங்கிக் கிளம்ப வேண்டும். உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் நின்றால் அந்தத் தங்கலுக்கு, அதாவது ராத்தங்கிப் போய்வரும் அந்தக் கடல் பயணத்துக்கு, பங்கு கிடையாது. ஆள் குறைந்தால் படகில் மற்றவர்களுக்கும் சிரமம். காத்தடித்துக் கடலுக்குப் போகக்கூடாது என்று சொல்லும் நாட்களில் போகலாமே என்பீர்கள். அந்த நாட்களில் கையில் காசு இருக்காது.

கடலில் அடிபட்டால் என்ன செய்கிறோம் என்பதையும் சொல்கிறேன். போன வருடம் எங்கள் படகில் ஒரு தம்பி, வயசு இருபத்தேழு இருக்கும். வலையைக் கொட்டும்போது திருக்கை வாலால் அடித்துவிட்டது. முள் கணுக்காலில் ஏறி உள்ளே ஒடிந்து நின்றது. அந்த முள்ளில் பின்பக்கமாகப் பல் பல்லாக இருக்கும். பிடுங்கினால் சதையைக் கிழித்துக்கொண்டுதான் வரும். அதனால் கை வைக்கவில்லை. டீ போடும் அடுப்பில் தண்ணீரைச் சூடாக்கி, சூடு பொறுக்கும் அளவுக்கு விளாவி, வாளியில் காலை வைக்கச் சொன்னோம். திருக்கை விஷம் சூட்டில் வீரியம் இழந்துவிடும் என்று எங்கள் அப்பா காலத்திலிருந்தே தெரியும். டாக்டர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். தண்ணீர் ஆற ஆற மாற்றிக்கொண்டே இருந்தோம். அவன் கயிற்றைக் கடித்துக்கொண்டு இருந்தான். ஒரு மணி நேரம் கழித்து வலி கொஞ்சம் தணிந்தது. விடியும் வரை அப்படியேதான். கரைக்கு வந்து ஆட்டோவில் கொண்டுபோய், முள்ளை எடுத்து, டி.டி. ஊசி போட்டார்கள். இரண்டு நாள் அட்மிஷன் போடச் சொன்னதற்கு அவன் மறுநாளே எழுந்து வந்துவிட்டான். காரணம், வீட்டில் தங்கச்சி கல்யாணத்துக்குக் கடன்.

முள் குத்தினால் கண்ணுக்குத் தெரிகிறது, போகிறோம். நெஞ்சு வலித்தால்தான் ஏமாந்துவிடுகிறோம். எங்கள் தெருவில் ஒருவர், என்னைவிட நாலு வயசு மூத்தவர். வலை இழுத்தால் மூச்சு முட்டுகிறது, வாயு பிடித்திருக்கிறது என்று சோடா வாங்கிக் குடிப்பார். பூண்டைச் சுட்டுத் தின்பார். அப்படியே ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டினார். கடைசியில் கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்தபோது சாய்ந்துவிட்டார். மதுரைக்கு எழுதிக்கொடுத்தார்கள். ராமேஸ்வரம் தீவிலிருந்து மதுரை நூற்று அறுபது, நூற்று எழுபது கிலோமீட்டர். பரமக்குடி தாண்டும் முன்பே முடிந்துவிட்டது. அவருக்கு சுகர் இருந்தது, பிரஷர் இருந்தது என்பது ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துத்தான் அவர் மனைவிக்கே தெரியும். அதுவரை ஒரு தடவைகூட ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை.

நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற காலம் என்று ஒன்று உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள். பல் பிடுங்குவது, குடலிறக்க ஆபரேஷன், கண், மூலம் எல்லாவற்றையும் அதற்கென்று தள்ளி வைத்திருப்போம். ஆனால் படகைக் கரையேற்றி மராமத்துப் பார்ப்பதும், பெயிண்ட் அடிப்பதும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்டுவதும் அதே இரண்டு மாதத்தில்தான். தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாயில் எல்லாம் நடக்க வேண்டும். ஆகவே ஆபரேஷன் அடுத்த வருடத்துக்குப் போகும்.

மாத்திரை கொண்டு போகிற அக்கா, பாம்பன் பக்கம்

மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலராக இருக்கிறேன். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய திட்டம், இப்போது எங்கள் பக்கம் எல்லாக் குடியிருப்பிலும் நடக்கிறது. சுகர், பிரஷர் உள்ளவர்களுக்கு மாத மாத்திரையை வீட்டிலேயே கொடுத்து, அளந்து பார்த்து, நோட்டில் எழுத வேண்டும்.

டிரைவர் அண்ணன் ஆண்களைப் பற்றிச் சொன்னார். எங்கள் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முப்பத்தைந்திலிருந்து ஐம்பத்தைந்து வரை. புடவைக்கு மேலே சட்டை போட்டு, விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றி, கண்ணாடி மாட்டிக்கொண்டு தீவுப் பக்கம் போய் முங்குவார்கள். மூச்சைப் பிடித்துப் பிடித்துப் பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்க வேண்டும். கை கால் பாறையில் கிழியும், கண் சிவந்து எரியும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு இந்தப் பெண்கள் தங்களுக்காக ஆஸ்பத்திரி வாசலை மிதிப்பது அபூர்வம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஓடுவார்கள். மாமியாருக்கு மாத்திரை என்றால் போய் வரிசையில் நிற்பார்கள். தனக்கு என்றால் தைலம்தான்.

எங்கள் தெருவில் ஒரு சித்தி, ஐம்பது வயசு இருக்கும். அவர் மாமியாருக்கு மாத்திரை கொடுக்கத்தான் மாசாமாசம் அந்த வீட்டுக்குப் போவேன். ஒரு நாள் சாயங்காலம் சித்தி அப்போதுதான் குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விரல் துணியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். "சித்தி, உங்களுக்கும் ஒரு தடவை பிரஷர் பாத்துருவோமா?" என்றேன். "எனக்கென்ன நோவு? கடலுக்குள்ள மூச்சப் பிடிச்சு முங்குறவ நானு" என்றார். கையைப் பிடித்துக் கட்டிப் பார்த்தால் 190க்கு 110. என் மிஷின்தான் தப்போ என்று கால் மணி நேரம் உட்கார வைத்து மறுபடி பார்த்தேன். அதேதான். தலை சுற்றும், பிடரி வலிக்கும், எல்லாம் வெயிலில் கிடப்பதால் என்று நினைத்திருக்கிறார். மறுநாளே கூட்டிப்போனேன். இப்போது மாத்திரை போடுகிறார், பாசிக்கும் போகிறார். கருவாட்டைக் குறையுங்கள் என்றால் மட்டும் என்மேல் கோபம் வரும்.

இதிலிருந்து நான் கண்டது, காலையில் அந்த வீடுகளுக்குப் போய்ப் பயனில்லை. பத்து மணிக்குப் போனால் பெரியவர்களைத்தான் பார்க்க முடியும். கணக்கில் முதியவர்கள் மட்டும் ஏறிக்கொண்டே போவார்கள். அப்புறம் ஒரு நாள் "இந்த ஊரில் நடுவயசில் நோயாளியே இல்லை" என்று யாராவது அந்த நோட்டைப் பார்த்துச் சொல்லக்கூடும். அதனால் நான் இப்போது வாரத்தில் இரண்டு சாயங்காலம் போகிறேன்.

மாத்திரையை நிறுத்திவிடுவது இன்னொரு தலைவலி. "போன மாசம் நார்மல்னு சொன்னீயே, பிறகெதுக்கு?" என்பார்கள். போட்டதால்தான் நார்மல் என்று ஒவ்வொரு மாசமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

கீழக்கரை மகள்

எங்கள் ஊரில் நடுவயசு ஆண்கள் கடலில் இல்லை, சபுரில் இருக்கிறார்கள். துபாய், சவூதி, மலேசியா என்று. அவர்களுக்கு லீவுதான் தடைக்காலம் மாதிரி. என் வாப்பா முப்பது வயசிலிருந்து அங்கே இருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வந்தால் அதற்குள் கல்யாணம், வீட்டு வேலை, சொந்தக்காரர் வீடு. உடம்பைப் பார்க்க நேரமே வராது. முட்டி வலிக்கு அங்கே கடையில் வாங்கிய வலி மாத்திரையை வருடக்கணக்கில் போட்டிருக்கிறார். ஐம்பத்தாறில் ஒரேயடியாக வந்தபோதுதான் கால் வீங்கியிருந்ததைப் பார்த்தோம். சுகரும் இருந்தது, கிட்னியும் பாதி கெட்டிருந்தது. இப்போது வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பதால் தாக்குப்பிடிக்கிறோம். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளுக்குச் சொல்கிறேன்: லீவில் வந்த முதல் வாரமே ரத்தம், சிறுநீர், பிரஷர் பார்த்துவிடுங்கள். விருந்தெல்லாம் அதற்கப்புறம்.

உம்மா வயசுப் பெண்களுக்கு வேறு மாதிரிச் சிக்கல். அறுபது, எழுபதில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான், ஆனால் கூட யார் போவது? மகன்கள் எல்லாம் வெளியே. லேடி டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டு, தெரிந்த ஆட்டோக்காரரைப் பிடித்து, மகளோ மருமகளோ ஒழிந்திருக்கிற நாள் பார்த்துக் கிளம்ப வேண்டும். காதில் இரைச்சல், கண்ணில் புரை, இதெல்லாம் "மகன் வரட்டும்" என்று ஒரு வருடம் காத்திருக்கும். ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்த பிறகு எல்லாவற்றுக்கும் மதுரைக்கு ஓட வேண்டியதில்லை என்பது எங்கள் வீட்டுக்குப் பெரிய ஆறுதல்.

108ல் இருப்பவன், சாயல்குடி ரோடு

சுருக்கமாக. எங்கள் ஆம்புலன்சுக்கு வரும் அழைப்பில் இரண்டு வகை அதிகம். ஒன்று, இருபதிலிருந்து முப்பது வரை பிரசவ வலி. இன்னொன்று அதே இருபதிலிருந்து முப்பது, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பைக் விபத்து, பெரும்பாலும் ராத்திரி, தலையில் ஹெல்மெட் இருக்காது. கருவேலங்காட்டு வளைவில் எதிரே வருவது தெரியாது. 2021 டிசம்பரில் வந்த இன்னுயிர் காப்போம் திட்டத்தில் முதல் 48 மணி நேரத்துக்கு உயிர் காக்கும் சிகிச்சை இலவசம். இது தெரியாமல், அடிபட்டவரைத் தூக்கினால் செலவு நம் தலையில் விழும், போலீஸ் கேஸ் ஆகும் என்று நின்று வேடிக்கை பார்க்கிறார்கள். தூக்கிக் கொண்டுவந்து சேர்த்தவரை யாரும் பணம் கேட்கக்கூடாது, பிடித்தும் வைக்கக்கூடாது. தயவுசெய்து எல்லாருக்கும் சொல்லுங்கள்.

எழுபதுக்கு மேலே என்றால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிவு. பிடித்து நிற்க ஒரு கம்பி போட்டு வையுங்கள்.

பழைய பாம்பன்காரர்

நான் பிள்ளையாக இருந்தபோது இந்தக் கேள்வியே கிடையாது. ரோட்டுப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறந்தது. அதற்கு முன் தீவிலிருந்து அக்கரை போக ரயில், இல்லையென்றால் படகு. ராத்திரியில் வலி எடுத்தால் காலை ரயில் வரும் வரை காத்திருக்க வேண்டும். காற்று மிஞ்சினால் ரயிலும் பாலத்தில் ஏறாது. என் தாயார் ஏழு பெற்றார், ஏழும் வீட்டில், மருத்துவச்சி கையில். தங்கியது நாலு. அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார், பெயர்களை மட்டும் சொல்லுவார். என் பேத்தி போன மாசம் ஆஸ்பத்திரியில் பெற்றாள். பிக்மி நம்பர் (கர்ப்பத்தைப் பதிவு செய்து கொடுக்கும் எண்), மாதாமாதம் பரிசோதனை, முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் 18,000 ரூபாய்க்கு உதவி என்று எல்லாம் ஒழுங்காக நடந்தது. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில்தான் என்று படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதே கணக்கெடுப்பில் 44.9 சதவீதம் ஆபரேஷன் பிரசவம் என்றும் இருந்தது. அது ஏன் அவ்வளவு என்று டாக்டர்கள்தான் யோசிக்க வேண்டும்.

சீட்டு எழுதியவர், ராமநாதபுரம்

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். டிரைவர் தம்பி, நெஞ்சு வலியில் போன உங்கள் தெருக்காரருக்காக வருத்தப்படுகிறேன். அப்படி வந்தவர்களுக்கு நான் எழுதிய சீட்டுகள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கின்றன.

ஒன்று உறுதியாகிறது. குழந்தையும் கர்ப்பிணியும் முதியவரும் ஆஸ்பத்திரிக்கு வருவது அவர்களுக்கு நோய் அதிகம் என்பதால் மட்டும் இல்லை. அவர்களைத் தேடி ஆள் போகிறார், அட்டை இருக்கிறது, தேதி இருக்கிறது. தடுப்பூசிக்கு நர்ஸ் வீட்டுக்கு வந்து கூப்பிடுகிறார். நடுவயசுக்காரரை யாரும் கூப்பிடுவதில்லை. அவரும் சோம்பலில் வராமல் இல்லை, ஓ.பி. நேரம் அவர் தொழில் நேரத்தோடு மோதுகிறது. கடற்கரை ஊர்களில் வாரம் இரண்டு நாளாவது சாயங்கால ஓ.பி. வேண்டும் என்பது என் பல வருட எண்ணம். கிராமசபையில் இதைத் தீர்மானமாகப் போடலாம். ஊரார் கேட்டால்தான் எழுத்தில் ஏறும்.

அதுவரை ஒரு சின்ன வேலை செய்யலாம். மாத்திரை கொண்டு போகிற அக்காவைக் கேட்கிறேன், ஏலம் நடக்கும் இடத்துக்கே மிஷினோடு வர முடியுமா?

மாத்திரை கொண்டு போகிற அக்கா, பாம்பன் பக்கம்

வரலாம் அண்ணே. நர்ஸ் மேடமிடம் கேட்டுவிட்டேன், சுகர் பார்க்கும் பட்டையும் தருவதாகச் சொன்னார். எந்த நாள், எத்தனை மணி என்று டிரைவர் அண்ணன் சொல்ல வேண்டும். வெறும் வயிறாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கடைசியாக எப்போது சாப்பிட்டார்கள் என்று மட்டும் சொன்னால் போதும்.

படகு டிரைவர், தங்கச்சிமடம்

செவ்வாய்க்கிழமை வாங்க அக்கா. விடிந்ததும் வராதீர்கள், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஏலம் முடிந்து சம்மாட்டி (படகு முதலாளி) பங்கு பிரிக்கும் நேரம், பத்தரை வாக்கில் வாங்க. பங்கு வாங்க எல்லாரும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், எழுந்து போக முடியாது. எங்கள் படகில் டிரைவரோடு ஐந்து பேர், பக்கத்துப் படகுகளிலும் சொல்லி வைக்கிறேன். முதல் கை என்னுடையது.